சுண்ணாம்பு வாங்கின கடன்

வாசகர் கேள்வி பதில்

அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் இறங்கவில்லை. அதனாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சூட்டைப் பற்றியே இருந்தன. மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வேதியியல் வாத்தியாரிடம் சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் அவன் லேசில் வாயை மூடமாட்டான் என்பது திருவொற்றியூரில் என் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும், இனி உங்களுக்கும் தெரியும்.

*

"சார், மேட்ச்சில் கணுக்கால் சுளுக்கிக்கிச்சு. கோச் அண்ணன் ஒரு பாக்கெட்டை எடுத்து ஓங்கி ஒரு குத்து குத்தி கால்ல வெச்சாரு, ஐஸ் மாதிரி ஆயிடுச்சு. அது ரெண்டு மணி நேரமா வெயில்லதான் கிடந்துச்சு. அந்த ஜில்லு எங்கேர்ந்து வந்துச்சு?"
கால்பந்து ஆடும் தம்பி, வியாசர்பாடி

ஜில்லு எங்கிருந்தும் வரவில்லை தம்பி, உன் காலில் இருந்த சூடுதான் போயிருக்கிறது. அந்தப் பாக்கெட்டைக் கிழித்தால் (நீ கிழிக்காதே, நான் கிழித்துப் பார்த்துவிட்டேன்) உள்ளே வெள்ளையாக உப்பு மாதிரி குருணையும், அதற்கு நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் இருக்கும். கோச் குத்தின குத்தில் உள்ளே இருந்த பை உடைந்து இரண்டும் கலந்துவிட்டன. குருணை பெரும்பாலும் அம்மோனியம் நைட்ரேட்டாகவோ யூரியாவாகவோ இருக்கும். மணலி உரத் தொழிற்சாலையிலிருந்து மூட்டை மூட்டையாக வயலுக்குப் போகிறதே, அதே யூரியாதான்.

படிகத்துக்குள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் துகள்களைப் பிரித்தெடுக்க ஆற்றல் செலவாகும். பிரிந்து வந்தவற்றைத் தண்ணீர் சூழ்ந்து பிடித்துக்கொள்ளும்போது கொஞ்சம் வரவும் உண்டு. இந்த உப்புகளில் வரவைவிடச் செலவு அதிகம், 80 கிராம் அம்மோனியம் நைட்ரேட் கரைந்தால் ஏறக்குறைய 26 கிலோஜூல் (ஆற்றலை அளக்கிற அலகு) துண்டு விழும். அந்தத் துண்டை யாரிடம் வசூலிப்பது? முதலில் பக்கத்தில் இருக்கும் தண்ணீரிடம், அப்புறம் பையிடம், அப்புறம் உன் கணுக்காலிடம்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் லெமன் சால்ட்டைக் கரைத்து அதில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைப் போடு. புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கும், பார்க்கிற கண்ணுக்குக் கொதிக்கிற மாதிரியே இருக்கும், ஆனால் டம்ளரைத் தொட்டுப் பார்த்தால் முன்பைவிடக் குளிர்ந்திருக்கும். ஆட்டத்துக்கு நடுவே வாயில் போட்டுக்கொள்வீர்களே குளுக்கோஸ் பொடி, அது நாக்கில் பட்டதும் ஜிலீரென்று இருப்பதும் இதே கதைதான்.

சரி, நஷ்டம் என்றால் அது ஏன் தானாகவே கரைகிறது என்று நீ கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். கேரம் போர்டு நடுவில் வட்டமாக அடுக்கிய காய்களை ஒரே அடியில் சிதறடித்துவிடலாம், இன்னொரு அடி அடித்து அவற்றைத் திரும்ப வட்டமாக்க முடியுமா? அடுக்கி நிற்க ஒரு வழிதான் உண்டு, கலைந்து கிடக்கக் கோடி வழி. இயற்கை ஆற்றல் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை, இந்தச் சிதறலையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. இதற்கு என்ட்ரோபி என்று பெயர். உன் காலில் வைத்த பாக்கெட்டில் ஜெயித்தது அதுதான்.

*

"2020-ல் பெய்ரூட்டில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்ததும், நம்ம மணலியிலும் அதே சரக்கு இருக்குன்னு டிவியில் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி தூங்கலை. அதையா பிள்ளைங்க காலில் வைக்கிறாங்க?"
குடும்பத்தலைவி, மணலி

அதே பொருள்தான் அம்மா, ஆனால் பாக்கெட்டில் இருப்பது ஒரு கைப்பிடி, அதுவும் தண்ணீரில் ஊறியது, அது வெடிக்காது. பெய்ரூட்டில் ஆகஸ்ட் 4 அன்று வெடித்தது சுமார் 2,750 டன். மணலியில் சரக்குப் பெட்டகக் கிடங்கில் இருந்தது சுமார் 700 டன், 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்தது, பெய்ரூட்டுக்குப் பிறகுதான் அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரி ஏறியது. நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை. குடியிருப்பு உள்ள ஊரில் அதை ஐந்து வருஷம் சும்மா போட்டு வைத்திருந்ததுதான் தப்பு.

ஒரே பொருள் ஒரு பக்கம் குளிர்விக்கிறது, இன்னொரு பக்கம் ஊரையே தூக்குகிறது என்றால் குழப்பமாகத்தான் இருக்கும். கரையும்போது அந்த உப்பின் துகள்கள் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான், ஆள் மாறவில்லை. வெடிக்கும்போது அவை உடைந்து நைட்ரஜன், நீராவி என்று வேறு ஆட்களாகிவிடுகின்றன. நைட்ரஜன் அணுக்கள் இரண்டு சேர்ந்தால் போடுகிற மூன்று முடிச்சு, வேதியியலிலேயே மிக உறுதியான பிணைப்புகளில் ஒன்று, ஒரு மோலுக்கு (வாழைப்பழத்துக்கு டஜன் மாதிரி, அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணுகிற கணக்கு) 945 கிலோஜூல். அந்த முடிச்சு விழும்போது வெளியே கொட்டுகிற ஆற்றல்தான் வெடி. ஆனால் அந்த வாசலைத் திறக்கத் தீயோ, பலமான அதிர்ச்சியோ, வேண்டாத கலப்படமோ வேண்டும். கோச்சின் கைக்குத்து போதாது.

*

"பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளியாகும்னு டியூஷனில் சொல்றாங்க. புத்தகத்தில் பிணைப்பை உடைக்க ஆற்றல் வேணும்னு இருக்கு. பரீட்சையில் எதை எழுதறது?"
பிளஸ் ஒன் மாணவி, தண்டையார்பேட்டை

புத்தகத்தில் இருப்பதை எழுது. பரீட்சைக்காக மட்டும் இல்லை, அதுதான் உண்மையும். இந்தத் தப்பு டியூஷனில் மட்டும் இல்லை, நான் பார்த்த மருத்துவர்களே சொல்லியிருக்கிறார்கள். எதையோ உடைத்தால் உள்ளே இருந்து பொக்கிஷம் கொட்டும் என்கிற நினைப்பு நமக்கு உண்டியல் காலத்திலிருந்து வருகிறது. இரண்டு காந்தம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க நீதான் இழுக்க வேண்டும், விட்டால் அவை தாமாகவே டப்பென்று ஒட்டிக்கொள்ளும். பிரிப்பது செலவு, சேர்வது வரவு. அணுவிலும் அப்படியே.

ஹைட்ரஜன் எரிந்து தண்ணீராவதை எடுத்துக்கொள். இரண்டு மோல் ஹைட்ரஜனை அணு அணுவாகப் பிரிக்க, மோலுக்கு 436 வீதம், 872 கிலோஜூல். ஒரு மோல் ஆக்சிஜனைப் பிரிக்க 498. மொத்தச் செலவு 1,370. இப்போது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கைகோக்கும் நான்கு பிணைப்புகள் உருவாகின்றன, ஒவ்வொன்றுக்கும் 463 வீதம் வரவு 1,852. வரவில் செலவைக் கழித்தால் மிச்சம் 482 கிலோஜூல். அந்த மிச்சம்தான் நெருப்பு. மிச்சம் வந்தால் வெப்ப உமிழ் வினை, துண்டு விழுந்தால் வெப்பக் கொள் வினை, பாடத்தில் அந்த அத்தியாயத்தின் பாதி இதுதான், ஒரு மளிகைக்கடை நோட்டு அளவுக்குத்தான் கணக்கு.

லாபம் இவ்வளவு என்றால் ஹைட்ரஜனும் காற்றும் சந்தித்ததுமே எரிய வேண்டாமா என்று அடுத்த சந்தேகம் வரும். வரவேண்டும். நம் பக்கத்தில் வீடு வாடகைக்குப் போனால் மாச வாடகை எவ்வளவு கம்மியாக இருந்தாலும் முதலில் பத்து மாச அட்வான்ஸைக் கையில் வைத்தால்தான் சாவி. வினைக்கும் ஓர் அட்வான்ஸ் உண்டு, பாடத்தில் அதற்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். பழைய பிணைப்புகளைத் தளர்த்துகிற அந்த முதல் பணம் கையில் இல்லாத மூலக்கூறு மோதிவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

உன் வீட்டிலிருந்து மெட்ரோ ஏறினால் வடக்கே கடைசியில் விம்கோ நகர் வருகிறதே, அந்தப் பெயரே ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை இருந்தது, இன்றைக்கு அந்த ரயிலில் போகிற பாதிப் பேருக்கு இது தெரியாது. தீக்குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இன்னும் சிலதும், பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ். உரசுகிற சூட்டில் துளியூண்டு பாஸ்பரஸ் பற்றுகிறது, அது தலைக்கு அட்வான்ஸ் கட்டுகிறது, தலை எரிந்து குச்சிக்குக் கட்டுகிறது. அதாவது முதல் ஆளுக்கு மட்டும் நீ கட்டினால் போதும், அப்புறம் ஒவ்வொருவரும் தனக்கு வந்த லாபத்தில் அடுத்தவனுக்குக் கட்டிக்கொண்டே போவார்கள். தண்டல்காரர்கள் இந்த மாதிரித் தொழில் செய்தால் பேட்டையே பணக்காரப் பேட்டை ஆகியிருக்கும்.

*

"பழைய வீடு ரிப்பேருக்கு வீட்டுக்காரர் சுண்ணாம்புக் கலவைதான் வேணும்னுட்டார். சுட்ட கிளிஞ்சலில் தண்ணி ஊத்தினா அடுப்பே இல்லாம கொதிக்குது, பையன் பயந்துட்டான். சிமெண்ட் அப்படிக் கொதிக்கிறதில்லையே, ஏன்?"
கொத்தனார், எருக்கஞ்சேரி

அண்ணே, இந்தக் கடிதத்துக்காகவே இந்த வாரம் இரண்டு பக்கம் கூடக் கேட்டு வாங்கினேன். என் பாட்டி போகிக்கு முன்னால் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றும் நாள் எங்களுக்குத் திருவிழா. மண்பானையில் சுட்ட கிளிஞ்சலைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுவாள், இரண்டு நிமிஷம் ஒன்றும் நடக்காது, அப்புறம் பானை உறுமும், ஆவி கிளம்பும், கிளிஞ்சல் வெடித்து மாவாகும். அடுப்பில்லை, விறகில்லை. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டதற்குப் பாட்டி சொன்னாள், "காளவாயில வாங்கினதுடா." வேதியியல் படித்து முடித்த பிறகுதான் அது எவ்வளவு சரியான பதில் என்று எனக்குப் புரிந்தது.

கணக்கைப் பாருங்கள். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். 100 கிராம் கிளிஞ்சலைக் காளவாயில் 900 டிகிரிக்குப் பக்கத்தில் சுட்டால் 44 கிராம் கரியமில வாயு பறந்து போய் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். இந்தப் பிரிவினைக்கு மட்டும் 178 கிலோஜூல் உள்ளே போகிறது. இது கடன். சுண்ணாம்பு ஆறின பிறகும் அந்தக் கடன் தீருவதில்லை, தொட்டுப் பார்த்தால் குளிர்ந்துதான் இருக்கும், ஆனால் நோட்டில் பாக்கி நிற்கும். நீங்கள் தண்ணீர் ஊற்றியதும், 18 கிராம் தண்ணீரைக் குடித்து, கடனில் 65 கிலோஜூலை அந்த நிமிஷமே திருப்பிக் கொடுக்கிறது. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1,160 கிலோஜூல், கிட்டத்தட்ட நாலு லிட்டர் தண்ணீரை நம் ஊர்ச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகிற அளவு. உங்கள் பையன் பயந்தது நியாயம்தான்.

அப்போ மீதி 113? அதுதான் எனக்குப் பிடித்த இடம். நீறின சுண்ணாம்பைச் சுவரில் பூசுகிறீர்கள், அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித் திரும்பவும் கார்பனேட் ஆகிறது, அதாவது காளவாயில் பறிகொடுத்த அதே 44 கிராமை வாங்கிக்கொண்டு, தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, மறுபடி கிளிஞ்சலாகிறது. அந்த வினையில் வெளியாவது 113 கிலோஜூல். 65-ஐயும் 113-ஐயும் கூட்டிப் பாருங்கள், 178. வாங்கின கடன் பைசா பாக்கியில்லாமல் அடைந்துவிடுகிறது. நேராகப் போனாலும் சுற்றிப் போனாலும் மொத்தக் கணக்கு மாறாது என்று 1840-ல் ஹெஸ் என்பவர் ரஷ்யாவில் உட்கார்ந்து சொன்னார், நம் பானைக்கும் சுவருக்கும் அதே சட்டம்தான். சுவர் சூடாகிறதை யாரும் பார்த்ததில்லை, காரணம் அந்த 113 மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் சொட்டுச் சொட்டாக வருகிறது, வரவர காற்று கொண்டுபோய்விடுகிறது. மொத்தமாகக் கொடுத்தால் பானை கொதிக்கும், தவணையில் கொடுத்தால் கைக்கே தெரியாது.

ஆங்கிலேயர் காலத்து மெட்ராஸில் பளிங்கு மாதிரி மின்னிய சுவர்களுக்கு மெட்ராஸ் சுண்ணம் என்று வெளியூரிலும் பேர் இருந்தது, அது கடற்கிளிஞ்சல் சுண்ணாம்பு. நீங்கள் இன்றைக்குச் செய்கிற வேலை அதன் வாரிசு.

சிமெண்டுக்கு வருவோம். அதுவும் சூளையில் வெந்ததுதான், அதிலும் கடன் உண்டு, தண்ணீர் பட்டால் அதுவும் சூடாகும். ஆனால் மெதுவாக, நாள்கணக்கில். சின்னத் தளம் என்றால் வந்த சூடு வந்த வேகத்தில் காற்றுக்குப் போய்விடும். பாலத் தூண், அஸ்திவாரம் மாதிரி மொத்தமான கான்கிரீட்டில் நடுவில் சேர்ந்த சூடு வெளியே வர வழியில்லாமல் உள்ளே ஏறிக்கொண்டே போகும், வெளிப்புறம் குளிர்ந்து சுருங்கும், விரிசல் விடும். அதனால்தான் பெரிய வேலைகளில் கலவைத் தண்ணீருக்குப் பதில் பனிக்கட்டியே போடுகிறார்கள். இன்னொன்று, கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை அண்ணே, தண்ணீரோடு வினை புரிந்து கெட்டியாகிறது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது சூட்டைத் தணிக்க என்று பல பேர் நினைக்கிறார்கள், அதைவிட முக்கியம் வினை பாதியில் தாகத்தில் நின்றுவிடாமல் இருக்க. வீட்டுக்காரர் தண்ணீர் லாரிக் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள்.

*

"டீக்கடையில் பெரிய சிலிண்டர் வேகமா எரியும்போது வேர்த்துக் கொட்டுது, சில நேரம் அடியில் பனி பிடிக்குது. இது என்ன வினை?"
டீ மாஸ்டர், மின்ட்

வினையே இல்லை. உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாக மாறச் சூடு வேண்டும், அதைச் சிலிண்டர் உடம்பிலிருந்து எடுக்கிறது. அடுப்பில் எரிவதுதான் வேதிவினை. பனி பிடிக்கிறதே என்று சிலிண்டரை வெந்நீரில் வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், இரண்டு சிலிண்டரை இணைத்துப் போட்டால் சரியாகிவிடும், ஏஜென்சி ஆளை விட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

*

"வீட்டில் சோப்பு செய்து விற்கிறேன். காஸ்டிக் சோடா கரைக்கும்போது பாத்திரம் தொட முடியாத சூடு. வெந்நீரில் கரைத்தால் சீக்கிரம் கரையுமா? கையில் தெறித்தால் வினிகர் ஊற்றலாமா?"
சகோதரி ஒருவர், பெரம்பூர்

இரண்டுக்கும் வேண்டாம், வேண்டவே வேண்டாம். அம்மோனியம் நைட்ரேட்டுக்கு நேர் எதிர் இது, கரைந்தால் கிராமுக்கு 1 கிலோஜூலுக்கு மேல் வெளியே தள்ளும். 100 கிராமை 300 மில்லி பச்சைத் தண்ணீரில் போட்டாலே 80 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வெந்நீரில் போட்டால் கொதித்து முகத்தில் அடிக்கும். எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. மேலே ஊற்றினால் கொஞ்சம் தண்ணீர்தான் இருக்கும், மொத்தச் சூடும் அந்தக் கொஞ்சத்தின் தலையில் விழும், நொடியில் கொதித்துத் தெறிக்கும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கல்லூரி முதல் வருஷம், கந்தக அமிலத்தில் நான் தண்ணீரை ஊற்றினேன், தலைகீழாகச் செய்ய வேண்டியது. சட்டை முன்புறம் சல்லடை, இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணாடி போட்டிருந்ததால் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் கண்ணுக்குக் கவசம் போடுங்கள், கையுறையும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, காஸ்டிக் அதைத் தின்று ஹைட்ரஜனைக் கக்கும், எவர்சில்வர் போதும்.

வினிகர் விஷயம்: அமிலமும் காரமும் நடுநிலையாகும்போதும் சூடு வரும், பலமான இரண்டுக்கு மோலுக்கு 57 கிலோஜூல். வெந்த தோல் மேல் இன்னொரு அடுப்பு எதற்கு? குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு இருபது நிமிஷம் பிடியுங்கள், அது காஸ்டிக்கையும் கழுவும் சூட்டையும் கொண்டுபோகும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

*

"நைனா, ராத்திரி ரெண்டு மணிக்கு கொருக்குப்பேட்டை தண்டவாளத்துல நாலு பேர் ஒரு சட்டியை வெச்சு மத்தாப்பு கொளுத்தினாங்க, இரும்பு தண்ணி மாதிரி ஊத்துச்சு. கரண்டும் இல்லை, கேஸும் இல்லை. இன்னா மாயம் அது?"
இரவு ஷிப்ட் முடித்து வந்தவர், கொருக்குப்பேட்டை

குடுத்து வைத்த கண்ணு உங்களுக்கு. தண்டவாளத்தைப் பற்றவைக்கிற தெர்மிட் முறை அது, ஜெர்மனியின் கோல்ட்ஷ்மிட் 1895-ல் காப்புரிமை வாங்கினது. சட்டியில் இருந்தது இரும்பு ஆக்சைடும் (துருவின் உறவுக்காரன்) அலுமினியப் பொடியும். ஆக்சிஜன் மேல் அலுமினியத்துக்கு இருக்கிற ஆசை இரும்பைவிடப் பெரிது, இரும்பிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது, பிடுங்குகிற லாபத்தில் இரும்பு உருகி ஓடுகிறது. அலுமினியம் அடுக்களையில் சாதுவாக இருக்கக் காரணம் அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு தோல், அப்புறம் பெரிய அட்வான்ஸ். மத்தாப்பு மாதிரி கொளுத்தினார்களே, அது அட்வான்ஸ் கட்டத்தான்.

இதில் ஒரு வேடிக்கை. தெர்மிட் கலவை கிராமுக்குக் கொடுப்பது 4 கிலோஜூல் சுமார், சுத்தமான கரி எரிந்தால் கிராமுக்குக் கிட்டத்தட்ட 33. எட்டு மடங்கு கூட! ஆனால் இஸ்திரிப் பெட்டிக் கரியில் இரும்பு உருகுவதில்லை, தெர்மிட் 2,000 டிகிரிக்கு மேல் போகிறது. கரிக்கு ஆக்சிஜன் காற்றிலிருந்து வரவேண்டும், கூடவே வருகிற நைட்ரஜன் ஓசியில் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடும், எரிவதும் நிதானமாக. தெர்மிட் தன் ஆக்சிஜனைத் தானே கட்டிக்கொண்டு வருகிறது, சில நொடியில் முடிகிறது, சூட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வாயுவே இல்லை. எவ்வளவு சூடு என்பது வேறு, எத்தனை டிகிரி என்பது வேறு. தீபாவளிக் கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரி இருந்தாலும் கையில் விழுந்தால் லேசாகத்தான் சுடும், ஒரு டம்ளர் டீ விழுந்தால் கொப்புளம்.

*

"நாம் சாப்பிடுவதும் உடம்புக்குள் எரிகிறது என்கிறார்களே, அப்படியென்றால் எத்தனை வாட்?"
ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன், கொளத்தூர்

எலக்ட்ரீஷியன் கேட்கிற கேள்வி! நாளைக்கு 2,000 கிலோகலோரி சாப்பிட்டால் அது சுமார் 8,400 கிலோஜூல், 86,400 நொடியால் வகுத்தால் ஏறக்குறைய 97 வாட். பழைய 100 வாட் குண்டு பல்புதான் நீங்கள். ஷேர் ஆட்டோவில் பத்துப் பேரை அடைத்தால் ஓர் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது என்று அர்த்தம், பாரிமுனையில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு மே மாசத்தில் ஏறிப் பாருங்கள்.

*

"அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிச்சு கரண்ட் எடுக்கிறாங்க. எங்க ஆத்துக்கு ஏன் சுடுதண்ணி வரணும்? முகத்துவாரத்தில் இறால் காணோம்."
மீனவர், காட்டுக்குப்பம், எண்ணூர்

நிலக்கரியில் உள்ள கரிமம் 12 கிராம் எரிந்தால் 394 கிலோஜூல். அதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் கம்பியில் கரண்டாகப் போகிறது. மீதியில் கொஞ்சம் புகைபோக்கி வழியாக, பெரும்பங்கு நீராவியைத் திரும்பத் தண்ணீராக்குகிற குளிர்விப்பு நீரில் போகிறது. யாரும் சோம்பேறித்தனத்தால் விட்ட மிச்சம் இல்லை இது, நீராவியில் ஓடுகிற எந்த எந்திரமும் ஒரு பங்கு சூட்டைக் குளிர்ந்த இடத்தில் கொட்டாமல் ஓடாது, அது இயற்கையின் சட்டம். ஆனால் எந்த இடத்தில் கொட்டுவது, கோபுரத்தில் ஆறவைத்து விடுவதா, நேராக ஆற்றில் விடுவதா என்பது மனுஷன் எடுக்கிற முடிவு. அதற்கு இயற்கை மேல் பழி போட முடியாது.

இறாலுக்கு என்ன ஆகிறது என்று கேட்டீர்களே, தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். நல்ல தண்ணீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 30-ல் ஏழரை, 35-ல் ஏழுக்கும் கீழே. உப்புத் தண்ணீரில் இன்னும் குறைவு. அதே நேரம் சூட்டில் இறாலின் உடம்புக்குள் வினைகள் வேகமாகும், மூச்சுக்காற்று கூட வேண்டும். கேட்பது கூடுகிறது, கிடைப்பது குறைகிறது. ஆற்றில் சாம்பலும் இன்னும் பலதும் சேர்ந்திருப்பதால் எல்லாப் பழியையும் சூட்டின் மேல் மட்டும் போடமாட்டேன். ஒரு சாதாரண தெர்மாமீட்டர் வாங்கி, நீர் வந்து விழும் இடத்திலும் அரை மைல் தள்ளியும் தினம் ஒரே நேரத்தில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். புகார் கொடுக்கும்போது அந்த நோட்டையும் கூட வையுங்கள். உங்கள் பிள்ளைகளில் யாராவது பத்தாவது படித்தால் அளக்க அவனை விடுங்கள்.

*

"வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடிட்டா வாய் வெந்து போவுதே, நீ சொல்ற சூடு தானா அது?"
ஆயா, ராயபுரம் (பேரன் எழுதிக் கொடுத்தது)

இல்லை ஆயா. டப்பாவில் இருப்பது ஏற்கனவே நீறின சுண்ணாம்பு, பொங்க வேண்டிய சூட்டையெல்லாம் எப்போதோ பொங்கித் தீர்த்துவிட்டது. வாய் வேகிறது காரத்தால் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம்), சோப்புக்காரத் தங்கச்சிக்குச் சொன்னேனே காஸ்டிக், அதன் சாந்தமான தங்கை இது, ஆனாலும் தோலை அரிக்கும். வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். டப்பா மேலே வெள்ளையாக ஆடை மாதிரி கெட்டியாகப் பிடித்திருந்தால், அது காற்றைக் குடித்துக் கிளிஞ்சலாகத் திரும்பிப்போன பகுதி, அதில் காரம் இருக்காது. அதை ஒதுக்கிவிட்டு அடியில் இருக்கிறதை நகக்கண் அளவு மட்டும் எடுங்கள், வெற்றிலையை ஒன்றுக்கு இரண்டாக வைத்து மடியுங்கள். புகையிலையைப் பற்றிப் பேரன் ஒன்றும் எழுதவில்லை, இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.